கோவளம் பக்கம் வீடு பார்க்கிறவர்கள் கடலுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும்

கேட்டது இது: பணி ஓய்வுக்குப் பிறகு அம்பத்தூர் வீட்டை விற்றுவிட்டு, கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே அமைதியான ஒரு கடலோர ஊரில் குடியேற நீங்களும் உங்கள் வீட்டம்மாவும் நினைக்கிறீர்கள். கடலிலிருந்து 150 மீட்டரில் ஒரு தனி வீடு விலைக்கு வந்திருக்கிறது. கட்டி 12 வருடம் ஆகிறது. மாடியில் நின்றால் கடல். பார்த்த அன்றே இருவருக்கும் பிடித்துப்போய்விட்டது. வாங்கலாமா, அங்கே வாழ்க்கை எப்படி இருக்கும்?

குடிவருவது நல்ல யோசனை சார். அந்த வீட்டுக்கு இப்போதே முன்பணம் கொடுப்பதுதான் நல்ல யோசனை இல்லை. ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கட்டடப் பொறியாளன். இந்தக் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம், ஈசிஆர் என்பார்களே, அங்கே குடிவந்து 14 வருடம் ஆகிறது. இங்கே என் பிழைப்பில் பாதி, உப்புக்காற்று தின்ற வீடுகளுக்கு வைத்தியம் பார்ப்பது. வந்த புதிதில் நானும் உங்களைப்போல மாடியில் ஏறி நின்று கடலைப் பார்த்துவிட்டுத்தான் ஒரு மனைக்குக் கை நீட்டப் போனேன். அங்கே வலை பிரித்துக்கொண்டிருந்த குப்பத்துப் பெரியவர் ஒருவர் சொன்னார்: "கடலு எங்கியும் போவாது சார், இங்கியேதான் இருக்கும். திரும்பி நின்னு, பின்னால இன்னா இருக்குதுன்னு பாரு." அதற்குப் பிறகு வீடு பார்க்க யாரோடு போனாலும் நான் முதலில் கடலுக்கு முதுகைக் காட்டித்தான் நிற்கிறேன். நிலம், தண்ணீர், காகிதம், அக்கம்பக்கம் எல்லாமே அந்தப் பக்கம்தான் இருக்கின்றன.

முதலில் அந்த 150 மீட்டர். எங்கிருந்து அளந்தது? விற்பவர்கள் சாயங்காலம் தண்ணீர் உள்வாங்கியிருக்கும் நேரத்தில் அலை நுனியிலிருந்து அடி வைத்து எண்ணுவார்கள். சட்டம் அளப்பது உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது பெரிய ஓதத்தில் தண்ணீர் கரையில் ஏறிவரும் எல்லையிலிருந்து. அந்தக் கோடு கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்கும். கரையில் போய்த் தேடினால் தெரியாது. நீங்கள் 150 என்று நினைப்பது வரைபடத்தில் 120 ஆகக்கூட இருக்கலாம்.

சரி, 150 என்றே வைத்துக்கொள்வோம். கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் 1991-ல் வந்தன, 2011-ல் புதுப்பிக்கப்பட்டன, 2019-ல் மறுபடி மாற்றப்பட்டன. 12 வருட வீடு என்றால் அது 2011 அறிவிக்கையின் காலத்தில் எழுந்தது. அந்த அறிவிக்கைப்படி நகரமாகாத ஊர்ப்பகுதிகள் மூன்றாம் வகை மண்டலம். அங்கே உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை பொதுவாகப் புதுக் கட்டடம் கூடாது. 200-லிருந்து 500 வரை, நிபந்தனைகளோடு, தரைத்தளமும் ஒரு மாடியும், 9 மீட்டர் உயரத்துக்குள். அப்படியானால் 150 மீட்டரில் இந்த வீடு எப்படி வந்தது? நேர்மையான பதில் ஒன்று இருக்க முடியும். ஏற்கெனவே அனுமதியோடு இருந்த பழைய வீட்டை இடித்து, அதே அளவில், அதே அடித்தளப் பரப்பில் மறுபடி கட்டியிருக்கலாம். அதற்கு விதியில் இடம் உண்டு. அப்படியென்றால் பழைய வீட்டின் வரி ரசீது, அனுமதி வரைபடம், இடித்துக் கட்ட வாங்கிய அனுமதி மூன்றும் விற்பவர் கையில் இருக்க வேண்டும். "இந்த வரிசையில எல்லாரும் கட்டியிருக்காங்க சார்" என்பது பதில் ஆகாது.

2019 விதியில் 50 மீட்டர்தான் என்று தரகர் சொல்லக்கூடும். அரை உண்மை. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் நெருக்கமாக வாழும் ஊர்களுக்கு மட்டும்தான் அந்த 50 மீட்டர். மற்ற ஊர்களுக்கு அதே 200 தான். அதுவும் புதிய விதிக்கேற்ப அந்தப் பகுதியின் வரைபடம் அங்கீகரிக்கப்பட்ட பிறகே செல்லும். உங்கள் சர்வே எண்ணுக்கு எந்த வரைபடம் செல்லும், அது எந்த வகை மண்டலம், கோட்டிலிருந்து எத்தனை மீட்டர் என்பதை மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மைக் குழுமத்தின் வழியாக எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தை வேண்டாம்.

இவ்வளவு ஏன் என்றால், கேரளத்து மரடு நினைவிருக்கும். உப்பங்கழி ஓரத்தில் விதி மீறி எழுந்த நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகளை இடிக்க 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அங்கே வீடு வாங்கியவர்கள் ஏமாளிகள் இல்லை. பத்திரம் பதிந்தவர்கள், வரி கட்டியவர்கள், வங்கிக் கடன் வாங்கியவர்கள்கூட இருந்தார்கள். வங்கி கடன் கொடுத்துவிட்டது என்பதாலோ, பதிவாளர் அலுவலகத்தில் முத்திரை விழுந்துவிட்டது என்பதாலோ கடலோர விதி அடங்கிவிடாது. ஆனாலும் உங்களுக்குக் கடன் தேவையே இல்லையென்றாலும் ஒரு வங்கியில் விண்ணப்பித்துப் பாருங்கள் என்பேன். அவர்களுடைய வழக்கறிஞர் ஒரு முறை காகிதத்தைப் புரட்டுவார். அவர் முகம் சுளித்தால் அதுவே ஒரு தகவல்.

காகிதத்தில் இந்தப் பக்கத்துக்கே உரிய ஒரு சங்கதி உண்டு. நெம்மேலி, பட்டிபுலம், சாளுவன்குப்பம் வட்டாரத்தில் ஆளவந்தார் அறக்கட்டளைக்கு ஆயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் இருக்கிறது. ஆளவந்தார் நாயக்கர் என்பவர் கோயில் காரியங்களுக்காக எழுதி வைத்துவிட்டுப் போனது. இப்போது இந்து சமய அறநிலையத் துறையின் பொறுப்பில் இருக்கிறது. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை நிற்பதே அந்த அறக்கட்டளை குத்தகைக்கு விட்ட நிலத்தில்தான். திருப்போரூர் கந்தசாமி கோயிலுக்கும் இந்தச் சுற்றுவட்டாரத்தில் சொத்து உண்டு. கோயில் நிலத்தைத் துறை ஆணையரின் அனுமதியில்லாமல் விற்றால் அந்த விற்பனையே செல்லாது. எத்தனை கை மாறியிருந்தாலும் சரி, கடைசியாக வாங்கியவர் தலையில்தான் விடியும். சர்வே எண்ணை எடுத்துக்கொண்டு அறநிலையத் துறையின் சொத்துப் பட்டியலையும் கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் 'அ' பதிவேட்டையும் (ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று எழுதியிருக்கும் கணக்கு) பாருங்கள். 'அ' பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே ரயத்துவாரி (தனியார் பட்டா நிலம்) என்றிருக்கிறதா, புறம்போக்கு என்றிருக்கிறதா, பஞ்சமி நிலம் (பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கியது) என்றிருக்கிறதா என்று உங்கள் கண்ணால் படியுங்கள். பட்டா இருக்கிறது என்பதோடு நின்றுவிடாதீர்கள்.

புல வரைபடத்தை எடுத்துக்கொண்டு சர்வேயரை வைத்து எல்லைக்கல் தேடச் சொல்லுங்கள். கடலை ஒட்டிய மனைகளில் கிழக்கு எல்லை 'கடல் புறம்போக்கு' என்று இருக்கும். சுற்றுச்சுவர் மட்டும் வருடத்துக்கு வருடம் கிழக்கே நடந்துகொண்டிருக்கும்! நீச்சல் குளமும் தோட்டமும் முழுக்கப் புறம்போக்கில் இருந்த வீட்டை நான் பார்த்திருக்கிறேன். விலை பேசியது அவற்றையும் சேர்த்துத்தான்.

வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், மனை அங்கீகாரம் இதெல்லாம் எந்த ஊரில் வாங்கினாலும் பார்க்க வேண்டியவை, நீட்டவில்லை. ஒன்று மட்டும்: பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்துப் போட்ட 'பஞ்சாயத்து அப்ரூவல்' மனைக்கு மதிப்பில்லை. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்கப்பட்ட அங்கீகாரமில்லாத மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் விதி வந்தது. அதன்படி வரன்முறை ஆணை வாங்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள். பத்திரத்தில் மாவட்டப் பெயர் மாறி மாறி வந்தால் பயப்படாதீர்கள். தாய்ப்பத்திரத்தில் செங்கல்பட்டு, நடுவில் காஞ்சிபுரம், 2019 நவம்பருக்குப் பிறகு மறுபடி செங்கல்பட்டு. நிலம் நகரவில்லை, மாவட்டம்தான் நகர்ந்தது. பதிவுச் செலவுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம் தனியாக எடுத்து வையுங்கள்.

இனி வீட்டின் உடம்பு. இது என் தொழில், அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

வீடு பார்க்கப் போகும்போது சட்டைப்பையில் ஒரு ரூபாய் நாணயம் இருக்கட்டும். ஹாலுக்குள் போக வேண்டாம், அங்கே புதுப் பெயின்ட் அடித்திருப்பார்கள். நேரே மாடிக்குப் போய், கிழக்குப் பார்த்த ஜன்னலின் சன்ஷேடை அடியிலிருந்து தட்டுங்கள். கணீரென்று கேட்டால் சரி. பானையைத் தட்டியதுபோல் டொப் டொப்பென்று கேட்டால் உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பி, கான்கிரீட் அதைவிட்டுப் பிரிந்துவிட்டது என்று அர்த்தம். துரு ஏறினால் இரும்பு பல மடங்கு பருக்கும். அந்தப் பருமனுக்குக் கான்கிரீட்டில் இடம் கிடையாது, வெடித்துத்தான் வழிவிடும். கம்பி ஓடும் திசையிலேயே முடி மாதிரி நீளமாக ஒரு விரிசல் ஓடினால் அதுதான் கையெழுத்து. பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் ஒரு வருடம் மறையும். அடுத்த மழைக்குப் பழுப்பு நீர் கசிந்து தன்னைக் காட்டிக்கொள்ளும்.

சன்ஷேடு ஏன் முதலில் போகிறது? அது மெல்லிசு. கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே இருக்கும் கான்கிரீட், நாங்கள் 'கவர்' என்போம், சன்ஷேடில் பெரும்பாலும் 20 மில்லிமீட்டர்கூட இருக்காது. ஐஎஸ் 456 என்ற இந்திய நெறிமுறை, கடலோரச் சூழலைக் 'கடுமை' என்று வகைப்படுத்தி எம்30 தரக் கான்கிரீட்டும் (எண் கூடக் கூட வலு கூடும்) 45 மில்லிமீட்டர் கவரும் வேண்டும் என்கிறது. கடல்நீர்த் திவலை நேரே படும் இடமென்றால் எம்35, 50 மில்லிமீட்டர். அம்பத்தூரில் கட்டும் மேஸ்திரி எம்20-ல் 20 மில்லிமீட்டர் கவர் வைத்துக் கட்டிய வீடு அங்கே நாற்பது வருடம் நிற்கும். அதே மேஸ்திரி அதே கலவையில் இங்கே கட்டினால் பத்து, பன்னிரண்டு வருடத்தில் நாணயம் டொப்பென்று பேசும். உங்கள் வீட்டுக்கும் 12 வயது என்பதைக் கவனியுங்கள். விற்கிற நேரம் தற்செயலாகவும் இருக்கலாம்.

கலவைக்கு ஊற்றிய தண்ணீரும் முக்கியம். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டரில் 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு, அதாவது கம்பியை அரிக்கும் உப்புச் சத்து, கூடாது. இங்கே பலர் மனையிலேயே போர் போட்டு, வந்த உப்புத்தண்ணீரிலேயே கட்டி, அதிலேயே நீராற்றியும் விடுகிறார்கள். அப்படிப்பட்ட வீட்டுக்குக் கடல் வெளியிலிருந்து வர வேண்டியதில்லை, தூணுக்குள்ளேயே இருக்கிறது. இரண்டு தூண், ஒரு உத்தரம், ஒரு தளம் என நான்கு இடத்தில் துளையிட்டுத் தூள் எடுத்து ஆய்வகத்தில் குளோரைடு பார்க்கச் சொல்லுங்கள். விற்பவர் மறுத்தால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

மற்றதெல்லாம் செலவு, ஆபத்தில்லை. ஏசியின் வெளிப்பெட்டி இங்கே மூன்று நான்கு வருடத்தில் சல்லடையாகிவிடும். கேட்டுக்கு, கீலுக்கு, திருகாணிக்கு எல்லாம் 316 தர எவர்சில்வர்தான். 304 என்றால் பழுப்புப் பொட்டு விழும். ஜன்னலுக்கு யுபிவிசி என்ற கெட்டிப் பிளாஸ்டிக் சட்டம். இரும்புக் கிராதி போட்டால் வருடா வருடம் சுரண்டிப் பெயின்ட் அடிக்க ஆள் வைத்துக்கொள்ளுங்கள். டிவி, மிக்ஸி, எல்லாமே கொஞ்சம் சீக்கிரம் போகும். கடல் தெரியும் மாடிக்கு நாம் மாதாமாதம் கட்டும் வாடகை அது.

தண்ணீருக்கு வருவோம். இந்த மணல்மேட்டில் மழைத்தண்ணீர் ஊறி, கீழேயிருக்கும் உப்புத்தண்ணீரின் மேல் ஒரு வில்லைபோல மிதக்கிறது. நல்ல தண்ணீர் உப்புத்தண்ணீரைவிட லேசு, அவ்வளவுதான் சூட்சுமம். கடல்மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் ஓர் அடி நின்றால் அதற்குக் கீழே ஏறக்குறைய 40 அடி நல்ல தண்ணீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர்க்காரர்களின் பழைய கணக்கு. திருப்பிப் பாருங்கள்: மேலே ஓர் அடியை நாம் இறைத்துவிட்டால் கீழே உப்பு 40 அடி ஏறிவர இடம் கிடைக்கும். அதனால்தான் இங்கே விவரம் தெரிந்தவர்கள் ஆழமாகப் போர் போடுவதில்லை. ஆழம் குறைந்த உறைக்கிணறு, சின்ன மோட்டார், கொஞ்சம் கொஞ்சமாக இறைப்பது. பக்கத்தில் ஒரு ரிசார்ட் பெரிய மோட்டார் போட்டு இறைத்தால் உங்கள் கிணறும் சேர்ந்துதான் கெடும். வாங்குவதற்கு முன் மே மாதத்தில் ஒரு நாள் டிடிஎஸ் மீட்டர் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் கருவி) எடுத்துப் போய், மோட்டார் போட்டவுடன் ஒரு முறையும் இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு ஒரு முறையும் பாருங்கள். குடிநீருக்கு இந்தியத் தரம் லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு வழியில்லாவிட்டால் 2000 வரை. முதல் அளவு 600 என்றும் இரண்டாம் அளவு 1900 என்றும் வந்தால் விஷயம் புரிந்துவிடும். டிசம்பரில் பார்த்தால் எந்தக் கிணறும் இனிக்கும்.

மணல் பூமியில் இன்னொரு சங்கடம், செப்டிக் டேங்க் தண்ணீரும் அதே வேகத்தில் ஊறும். உங்கள் கிணற்றுக்கும் உங்கள் டேங்குக்கும் உள்ள தூரத்தை மட்டும் பார்க்காமல், பக்கத்து வீட்டு டேங்க் எங்கே என்றும் எட்டிப் பாருங்கள். நெம்மேலியில் 2013-லிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர், 2024 பிப்ரவரியிலிருந்து இன்னொரு ஆலையில் 15 கோடி லிட்டர் கடல்நீர் குடிநீராகிறது. ஆலை இங்கே, தண்ணீர் சென்னைக்கு. நமக்கு லாரியும் கேன் தண்ணீரும்.

வெள்ளம் என்றதும் எல்லோரும் கிழக்கே பார்க்கிறார்கள். நான் திரும்பி நில்லுங்கள் என்றது இதற்கும்தான். கடலோரம் மணல்மேடு, அதன் முதுகில் ஈசிஆர், மேற்கே சரிவு, அப்புறம் பக்கிங்ஹாம் கால்வாய், உப்பளம், உப்பங்கழி. பள்ளிக்கரணையிலிருந்தும் தென்சென்னைப் புறநகரிலிருந்தும் வடியும் மழைத்தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாகக் கால்வாயில் இறங்கி, முட்டுக்காட்டு முகத்துவாரத்தில்தான் கடல் சேர வேண்டும். முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்தாலோ, கடல் கொந்தளித்து வாங்க மறுத்தாலோ தண்ணீர் கழியில் தேங்கி நிற்கும். அதனால் கடலிலிருந்து 150 மீட்டரில் மேட்டில் இருக்கும் வீடு மழையில் நனைந்து காய்ந்துவிடும். கால்வாய்ப் பக்கம் 'பேக்வாட்டர் வியூ' என்று விளம்பரம் செய்கிற மனையில் முழங்கால் தண்ணீர் நிற்கும். இந்த ஒரு விஷயத்தில் நீங்கள் பார்த்த வீட்டுக்கு மதிப்பெண் கூடும்.

கடலும் சும்மா இருப்பதில்லை. இந்தக் கரையில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது, வடகிழக்குப் பருவத்தில் கொஞ்ச காலம் தெற்கே திரும்புகிறது. நடுவில் கல்லைக் கொட்டி மறித்தால் தெற்கில் மணல் சேரும், வடக்கில் கரை அரிக்கும். மெரினா அவ்வளவு அகலமானதும் ராயபுரம் பக்கம் கரை அரித்ததும் சென்னைத் துறைமுகத்தின் ஒரே காரணத்தால்தான். புதுச்சேரி தன் மணல் கரையை இழந்ததும் 1980-களின் கடைசியில் கட்டிய துறைமுகச் சுவர்களால். நீங்கள் பார்க்கும் வீட்டுக்குத் தெற்கே அலைத்தடுப்புக் கற்கள், மீன்பிடி இறங்குதளம் ஏதாவது இருக்கிறதா, புதிதாக வரப்போகிறதா என்று கேளுங்கள். கூகுள் எர்த்தில் பழைய படங்களை ஓட்டிப் பார்த்தால் 20 வருடத்தில் கரைக்கோடு எப்படி நகர்ந்திருக்கிறது என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வீட்டுக்கு முன்னால் மணல்மேடு அப்படியே இருக்கிறதா என்பதும் முக்கியம். அதன்மேல் ராவணன் மீசையும், சங்கப் பாட்டில் வரும் அதே அடும்புக் கொடியும் படர்ந்திருந்தால் நல்லது. காட்சி மறைக்கிறது என்று ஜேசிபி வைத்து மேட்டை வழித்த வீடுகள் உண்டு. அவற்றை நான் ஓசியில் கொடுத்தாலும் வாங்கமாட்டேன். 2004 டிசம்பர் 26-ஐ இந்தக் கரையில் யாரும் மறக்கவில்லை. அந்த அலை சாளுவன்குப்பத்தில் மணலை அரித்துவிட்டுப் போனதில் கல்வெட்டு வெளிப்பட்டு, 2005-ல் தோண்டியபோது செங்கல் கட்டடமாக ஒரு பழைய முருகன் கோயில் கிடைத்தது. முன்பொரு காலத்தில் கடல் பொங்கித்தான் அது புதைந்தது என்று தோண்டியவர்கள் கருதுகிறார்கள். ஒரு முறை போய்ப் பாருங்கள், சாலையோரம்தான். 2016-ல் வர்தா, 2022-ல் மாமல்லபுரத்துக்குப் பக்கத்திலேயே கரையேறிய மாண்டஸ் என்று புயல்கள் தனி. இன்வெர்ட்டரும் மெழுகுவர்த்தியும் வைத்துக்கொள்ளுங்கள். 2021 ஏப்ரலிலிருந்து எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களிலும் 'பாரத் கிரக ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசி கிடைக்கிறது. புயல், வெள்ளம், சுனாமி எல்லாம் அதில் அடங்கும். ஆனால் அது மறுபடி கட்ட ஆகும் செலவைத்தான் கொடுக்கும், நிலத்தின் விலையை இல்லை.

இவ்வளவையும் படித்துவிட்டு நான் ஏன் இன்னும் இங்கே இருக்கிறேன் என்று கேட்பீர்கள். கோடையில் பகல் ஒரு மணி வாக்கில் தென்னை ஓலை லேசாக அசையும், ஐந்து நிமிடத்தில் வீடே மூச்சு விடும். அம்பத்தூரில் அதே நேரம் தார் உருகிக்கொண்டிருக்கும். (ஜூனில் மேல்காற்று பலமாக அடிக்கிற நாளில் இந்தக் கடல்காற்று நான்கு மணிக்குத்தான் வரும், அன்று நாமும் வேகவேண்டியதுதான்.) பௌர்ணமிக்கு நிலா கடலிலிருந்து செம்பாக எழும். சூரியன் மறைவதைப் பார்க்கலாம் என்று வரும் நண்பர்களுக்கு, இது கிழக்குக் கரை, விடிகாலை வாருங்கள் என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

மீன் விஷயத்தில் ராஜ வாழ்க்கை. காலை ஏழு மணிக்கு ஃபைபர் படகு கரையேறும்போது போனால் சங்கரா, கிழங்கான், நெத்திலி எதுவானாலும் துள்ளும். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போதும் நம் கரையின் சின்னப் படகுகள் போகும், விலைதான் ஏறும். ஒரே அக்காவிடம் தொடர்ந்து வாங்குங்கள், பேரம் பேசிக் கழுத்தறுக்காதீர்கள். மூன்றாம் மாதம் உங்களுக்கென்று நல்லதாக ஒதுக்கி வைப்பார்.

குப்பத்தோடு உறவு என்பது மீனோடு முடிவதில்லை. இந்த ஊர் அவர்களுடையது, நாம் வந்தவர்கள். கரையில் படகு நிறுத்துவது, வலை காயப்போடுவது, கருவாடு உலர்த்துவது எல்லாம் அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்வது. 'என் வீட்டு முன்னால் நாறுகிறது' என்று புகார் எழுதிய புதுக்குடிகளை எனக்குத் தெரியும். ஊர்ப் பஞ்சாயத்தாரைப் போய்ப் பார்த்து வணக்கம் சொல்லி, ஆடித் திருவிழாவுக்கு உங்களால் ஆனதைக் கொடுங்கள். கரைக்குப் போகும் வழி உங்கள் மனையை ஒட்டி இருந்தால் அதை அடைக்காதீர்கள். புயல் ராத்திரியில் விழுந்த மரத்தை வெட்ட வருகிறவர்கள் அவர்கள்தான். தாம்பரத்திலோ அண்ணாநகரிலோ இருக்கும் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் வரமாட்டார்.

ஏனென்றால் நீங்கள் பார்த்து மயங்கிய அந்த அமைதியில் பாதி, பூட்டிய வீடுகள். செவ்வாய்க்கிழமை ராத்திரி எட்டு மணிக்குத் தெருவில் நடந்து, எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது என்று எண்ணுங்கள். பத்து வீட்டில் இரண்டு என்றால், நெஞ்சுவலி வந்தால் கூப்பிட ஆள் இல்லாத தெரு அது. வெள்ளிக்கிழமை இரவிலிருந்து கதை வேறு. ரிசார்ட்டில் டிஜே, பண்ணை வீட்டில் பிறந்தநாள், விடிகாலையில் பைக் பந்தயம். ஞாயிறு மாலை சென்னை திரும்பும் கார் வரிசையில் மாட்டினால் ஆம்புலன்சே நகராது. கோவளத்திலிருந்து கேளம்பாக்கத்துக்கு இணைப்புச் சாலை இருப்பது பெரிய புண்ணியம், அங்கே பெரிய மருத்துவமனை இருக்கிறது. உங்கள் வயதில் கடலுக்கு எத்தனை மீட்டர் என்பதைவிட அந்த இணைப்புச் சாலைக்கு எத்தனை நிமிடம் என்று அளப்பது நல்லது. ராத்திரி நேரத்தில் ஓட்டிப் பாருங்கள்.

அமைதியும் ஓர் இடத்திலேயே நிற்பதில்லை. 1966-ல் கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு இருந்த ஓவியர்களும் இஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கிராமத்தை அமைத்தபோது அது சவுக்கும் மணலுமான ஒதுக்குப்புறம். 2011-ல் இஞ்சம்பாக்கம் சென்னை மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. அந்த வரிசையில் அடுத்தடுத்து முட்டுக்காடு, கோவளம், இப்போது நாம். எத்தனை வருடம் இங்கே இப்படியே இருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. உங்களுக்கு வேண்டியது இன்னும் இருபது வருட அமைதி என்றால், தெருவில் காலி மனை எவ்வளவு, அது யாருடையது என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

கடலில் குளிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை: தினமும் கரையில் நடங்கள், கால் நனையுங்கள், அதோடு சரி. இழுப்பு எங்கே இருக்கும் என்று நாளுக்கு நாள் மாறும். பேரப்பிள்ளைகள் வந்தால் கண்ணை எடுக்காதீர்கள். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை பங்குனி ஆமை முட்டையிடக் கரையேறும். குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடலென்று நினைத்து ஊர்ப்பக்கம் திரும்பிவிடும், அந்த மாதங்களில் கடலைப் பார்த்த விளக்குகளை அணைத்து வையுங்கள்.

இப்போது என் யோசனை. அம்பத்தூர் வீட்டை விற்காதீர்கள், வாடகைக்கு விடுங்கள். அந்தப் பணத்தில் இங்கே 11 மாத ஒப்பந்தத்தில் ஒரு வீடு எடுங்கள். செப்டம்பரில் ஆரம்பித்தால் ஐப்பசி, கார்த்திகை அடைமழை, டிசம்பர் புயல், தை மாசிச் சுகம், அக்கினி நட்சத்திரம், ஜூன் மேல்காற்று எல்லாம் ஒரு சுற்று வந்துவிடும். வீட்டம்மாவுக்கு மூட்டுவலி இருந்தால் இந்த ஈரப்பதம் ஒத்துக்கொள்கிறதா என்பதும் தெரியும். அதற்குப் பிறகும் பிடித்திருந்தால், 200 மீட்டரைத் தாண்டி, மணல்மேட்டின் பின்சரிவில், நாலு பேர் நிரந்தரமாகக் குடியிருக்கும் தெருவில் பாருங்கள். கடல் தெரியாது, சத்தம் கேட்கும், காற்று வரும். விலையும் குறையும், கம்பியும் கொஞ்சம் அதிக நாள் உழைக்கும்.

அந்த 150 மீட்டர் வீட்டின் மேல்தான் இன்னமும் மனசு என்றால், விற்பவரிடம் இந்த வாரம் மூன்றே மூன்று கேளுங்கள்: பழைய வீட்டின் அனுமதி வரைபடம், கடலோர மண்டல அனுமதி ஆணை, 'அ' பதிவேட்டு நகல். மூன்றும் வந்தால் எனக்குச் சொல்லுங்கள், நாணயத்தோடு நானும் வருகிறேன். சனி, ஞாயிறு வேண்டாம் சார், சாலையில் நிற்க முடியாது. செவ்வாய்க்கிழமை காலையில் வைத்துக்கொள்வோம்.